கர்ப்பகாலச் சத்து மாத்திரைகள்: எது அவசியம், எது வீண் செலவு?

ஐந்தாம் மாதத்தில் இருக்கும் ஒரு கர்ப்பிணியின் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தால் அதுவே ஒரு குட்டி மெடிக்கல் ஷாப் போல இருக்கும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை ஒரு பக்கம். "இதையும் சேர்த்துத்தான் எல்லாரும் வாங்குறாங்க" என்று கடைக்காரர் நீட்டிய புரதப் பவுடர் டப்பா இன்னொரு பக்கம். நாத்தனார் சொல்லி ஆன்லைனில் வந்த ஒமேகா-3, அம்மா வாங்கிவைத்த குங்குமப்பூ, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த லேகியம் என வரிசை நீளும்.

கிராம சுகாதார செவிலியர் கொடுத்த சிவப்பு மாத்திரை அட்டை மட்டும் பிரிக்கப்படாமல் ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கும். கேட்டால், "அது சாப்பிட்டா குமட்டுது, அதான் விட்டுட்டேன்" என்பார்கள்.

சிக்கலே இங்குதான். உண்மையில் தேவையானவற்றின் பட்டியல் மிகச் சிறியது. அதில் பெரும்பாலானவை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. காசு கொடுத்து வாங்குவதில் கணிசமானவை எல்லோருக்கும் தேவையற்றவை. ஒருசில, தவறான அளவில் எடுத்தால் ஆபத்தானவை.

2019-21ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. சுகாதாரத்தில் முன்னணி மாநிலம் என்று பெயரெடுத்த தமிழ்நாட்டிலும் அது 48.3 சதவீதம். அதே ஆய்வில், கர்ப்பகாலத்தில் 180 நாட்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டதாகச் சொன்ன தாய்மார்கள் நாடு முழுக்க 26 சதவீதம் மட்டுமே. மாத்திரை கைக்கு வருவதற்கும் வயிற்றுக்குள் போவதற்கும் இடையில் அவ்வளவு தூரம் இருக்கிறது.

எது தேவை, எப்போது தேவை, எதைத் தவிர்க்கலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஃபோலிக் அமிலம்: கர்ப்பம் தெரியும் முன்பே

குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாவது நரம்புக்குழாய் என்ற அமைப்பிலிருந்து. கருத்தரித்த 28 நாட்களுக்குள் இந்தக் குழாய் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால், முதுகுத்தண்டு பிளவு போன்ற பிறவிக் குறைபாடுகள் ஏற்படலாம். மாதவிலக்கு தள்ளிப்போய், ஒருவாரம் காத்திருந்து, வீட்டில் பரிசோதித்து, மருத்துவரைப் பார்க்கப் போவதற்குள் அந்த 28 நாட்கள் பெரும்பாலும் கடந்துவிடுகின்றன.

அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கத் தொடங்கி, 12 வாரம் வரை தொடர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஏற்கெனவே நரம்புக்குழாய் குறைபாட்டோடு குழந்தை பெற்ற அல்லது கருவுற்ற தாய்மார்களிடம் நடத்தப்பட்டு 1991ல் வெளியான பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வில், ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு அந்தக் குறைபாடு மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது.

அளவில் கவனம் தேவை. நம் மருந்துக்கடைகளில் பரவலாகக் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை. இது 400 மைக்ரோகிராமைப் போல 12 மடங்குக்கும் மேல். வலிப்பு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், முந்தைய கர்ப்பத்தில் நரம்புக்குழாய் குறைபாடு இருந்தவர்கள், ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு மருத்துவர்கள் இந்த அதிக அளவை எழுதுவதுண்டு. மற்றவர்கள் தாங்களாகவே அதை வாங்கிச் சாப்பிடத் தேவையில்லை.

"சாதாரண ஃபோலிக் அமிலம் உடம்பில் ஒட்டாது, மெத்தில்ஃபோலேட்தான் நல்லது" என்ற விளம்பரமும் இப்போது அதிகம். நரம்புக்குழாய் குறைபாட்டைத் தடுப்பதாக ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டிருப்பது விலை மலிவான அந்தச் சாதாரண ஃபோலிக் அமிலம்தான்.

குன்னூர், திருவல்லிக்கேணி வழியாக வந்த மாத்திரை

இந்தச் சத்து கண்டுபிடிக்கப்பட்ட கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 1928ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ஒருவகைக் கடும் ரத்தசோகை வந்துகொண்டிருந்தது. காரணம் புரியவில்லை.

வில்ஸ், குன்னூர் பாஸ்டர் ஆய்வகத்திலும் பிறகு சென்னை கோஷா மருத்துவமனையிலும் தன் ஆய்வைத் தொடர்ந்தார். அந்த மருத்துவமனைதான் இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி அரசு மருத்துவமனை. ஈஸ்ட்டிலிருந்து தயாராகும் மார்மைட் என்ற மலிவான உணவைக் கொடுத்தபோது அந்தப் பெண்கள் தேறினார்கள். அதில் இருந்த பெயர் தெரியாத பொருள் முதலில் 'வில்ஸ் காரணி' என்று அழைக்கப்பட்டது. 1941ல் பசலைக்கீரையிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டு, ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது.

இரும்பு: விடக்கூடாத சிவப்பு மாத்திரை

கர்ப்பகாலத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 7 கிராமுக்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகிய அபாயங்கள் இதனால் கூடுகின்றன. இன்னொன்று தாயின் உயிர் சம்பந்தப்பட்டது. பிரசவத்தில் ரத்தப்போக்கு கொஞ்சம் அதிகமானாலும், ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பால் அதைத் தாங்க முடியாது.

மத்திய அரசின் 'ரத்தசோகை இல்லா பாரதம்' திட்டத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. நான்காவது மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். ரத்தசோகை ஏற்கெனவே இருந்தால் தினம் இரண்டு மாத்திரை வரை மருத்துவர்கள் கொடுப்பார்கள். மாத்திரையால் ஏறவில்லை, பிரசவ தேதியும் நெருங்குகிறது என்றால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றப்படும்.

தனியார் பிராண்டுகளை ஒப்பிடும்போது பலர் ஏமாறுவது எண்ணில்தான். அட்டையில் பெரிதாக இருப்பது இரும்பு உப்பின் எடை. உடம்புக்குக் கிடைப்பது அதிலுள்ள 'தனிம இரும்பு'. உதாரணமாக 300 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட்டிலும், 180 மில்லிகிராம் ஃபெரஸ் ஃப்யூமரேட்டிலும், 500 மில்லிகிராம் ஃபெரஸ் குளுக்கோனேட்டிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே 60 மில்லிகிராம் இரும்புதான். 500 என்ற எண்ணைப் பார்த்து அதிகக் காசு கொடுத்தால் லாபம் கடைக்கு மட்டுமே.

"மாத்திரை எதுக்கு, மாதுளையும் பீட்ரூட்டும் சாப்பிட்டாப் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் நல்ல உணவுகளே. ஆனால் 100 கிராம் மாதுளையிலோ பீட்ரூட்டிலோ 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. நிறம் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பது நம்பிக்கை மட்டுமே. கீரையிலும் பயறிலும் இரும்பு உண்டு, ஆனால் உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். கர்ப்பிணிக்கு ஒருநாளைக்கு 27 மில்லிகிராம் இரும்பு தேவை என்கிறது ஐ.சி.எம்.ஆர். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஆட்டு மண்ணீரலான சுவரொட்டியும் இறைச்சியும் நல்ல துணை, நன்றாக வேகவைத்துச் சாப்பிட வேண்டும். எதுவானாலும் மாத்திரைக்குத் துணையாகத்தான், மாற்றாக அல்ல.

"இரும்பு மாத்திரை சாப்பிட்டா குழந்தை கறுப்பாப் பொறக்கும்", "குழந்தை பெருசாகி ஆபரேஷன் பண்ண வேண்டி வரும்" ஆகியவை வீடுகளில் அடிக்கடி கேட்கும் பயங்கள். இரண்டிலும் உண்மை இல்லை. கறுப்பாகப் போவது மலம் மட்டும்தான், அது இயல்பு. குழந்தையின் நிறத்தை முடிவு செய்வது பெற்றோரின் மரபணு. குங்குமப்பூவாலும் அதை மாற்ற முடியாது.

குமட்டல், மலச்சிக்கல், வயிற்றெரிச்சல் ஆகியவை உண்மையான தொல்லைகள். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாமல், செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்பது, இரவு படுக்கும் முன் எடுப்பது, வேறு வகை இரும்புக்கு மாறுவது எனப் பல வழிகள் உள்ளன.

மாதக்கணக்கில் ஒழுங்காகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லையா? எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. தலசீமியா, நீலகிரிப் பழங்குடியினரிடம் காணப்படும் சிக்கிள் செல் போன்ற மரபுவழிக் காரணங்களும் இருக்கலாம். பி12 குறைபாடாகவும் குடற்புழுவாகவும்கூட இருக்கலாம். அப்போது தேவை இன்னொரு டானிக் அல்ல, ரத்தப் பரிசோதனை.

கால்சியம்: எலும்புக்கு மட்டுமல்ல

கால்சியம் என்றதும் குழந்தையின் எலும்புதான் நினைவுக்கு வரும். கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுப்பதற்கு முக்கியக் காரணம் வேறு. உணவில் கால்சியம் குறைவாக எடுக்கும் பெண்களுக்கு, மாத்திரையாகக் கொடுத்தால் 'ப்ரீ-எக்லாம்ப்சியா' என்ற ஆபத்தான கர்ப்பகால ரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்பு குறைகிறது.

இந்திய அரசின் வழிகாட்டுதல்படி, 14வது வாரத்திலிருந்து தினமும் இரண்டு மாத்திரை. ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் கால்சியமும் 250 ஐ.யு. வைட்டமின் டி3யும் இருக்கும். பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை இது தொடர வேண்டும்.

இந்த அளவுகூட எல்லோருக்கும் தேவையா என்ற கேள்வியும் ஆராயப்பட்டுவருகிறது. பெங்களூருவில் 11,000 பெண்களிடமும் தான்சானியாவில் 11,000 பெண்களிடமும் நடந்து, 2024ல் வெளியான ஆய்வுகளில், தினம் 500 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும் 1,500 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும் ப்ரீ-எக்லாம்ப்சியா வந்த விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. 'அதிகம் எடுத்தால் அதிக நன்மை' என்ற கணக்கு இங்கே செல்லாது என்பதுதான் இதில் சாமானியருக்கான செய்தி. எத்தனை மாத்திரை என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

பால், தயிர், கேழ்வரகு, சிறுமீன் ஆகியவை உணவில் கால்சியம் தருபவை. 100 கிராம் கேழ்வரகு மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ளது.

சேர்ந்து எடுத்தால் பாதி வீண்

நல்ல மாத்திரைகளை வாங்கி, தவறான நேரத்தில் விழுங்கி வீணடிப்பதுதான் பல வீடுகளில் நடப்பது. கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். இரண்டையும் ஒரே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தால் இரும்பின் பலன் குறையும். குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும்.

டீ, காபிக்கும் இதே விதிதான். இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது அவை வேண்டாம். இரவில் குங்குமப்பூ போட்ட பாலோடு இரும்பு மாத்திரையை விழுங்கும் பழக்கமும் சரியல்ல. பாலிலும் கால்சியம்தான் இருக்கிறது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா போன்ற வைட்டமின் சி உள்ளவற்றோடு எடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இரும்பும் கால்சியமும் அந்த மருந்தைத் தடுத்துவிடும் என்பதால் 4 மணி நேர இடைவெளி தேவை.

ஒரு மாதிரி அட்டவணை இப்படி இருக்கலாம்: தைராய்டு மாத்திரை இருந்தால் விடிந்ததும் வெறும் வயிற்றில். மதிய உணவோடு ஒரு கால்சியம். மாலை 6 மணி வாக்கில் சிற்றுண்டியோடு இன்னொரு கால்சியம். இரவு சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, படுக்கும் முன், தண்ணீரோடு அல்லது எலுமிச்சைச் சாறோடு இரும்பு. தைராய்டு மாத்திரை இல்லாதவர்கள் முதல் கால்சியத்தைக் காலை உணவோடு எடுக்கலாம்.

ஆளைப் பொறுத்துத் தேவைப்படுபவை

*வைட்டமின் பி12:* இயற்கையில் இது விலங்கு உணவுகளில்தான் கிடைக்கிறது. முட்டைகூடச் சாப்பிடாத சைவர்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். பால், தயிர் ஓரளவு உதவும்.

*வைட்டமின் டி:* எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் தனியாகக் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. குறைபாடு இருப்பவர்களுக்குத் தேவை. கடையில் கிடைக்கும் 60,000 ஐ.யு. பொடியையோ மாத்திரையையோ "உடம்பு வலிக்குது" என்று தாமாக வாங்கி வாராவாரம் எடுப்பது ஆபத்து. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும்.

*அயோடின்:* குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அவசியம். அயோடின் சேர்த்த சமையல் உப்பே பெரும்பாலோருக்கு அதைத் தந்துவிடும். 'ஆரோக்கியம்' என்று இந்துப்புக்கு மாறிய வீடுகளில்தான் சிக்கல். அதில் பொதுவாக அயோடின் சேர்க்கப்படுவதில்லை. கர்ப்பகாலத்தில் பழைய உப்புக்கே திரும்பிவிடலாம்.

*ஒமேகா-3:* குறைமாதப் பிரசவ வாய்ப்பை இது ஓரளவு குறைப்பதாக 2018ல் வெளியான காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு சொல்கிறது. மத்தி, அயிலை, நெத்திலி சாப்பிடுபவர்களுக்குத் தட்டிலேயே அது கிடைக்கும். மீனே தொடாதவர்கள் மாத்திரை பற்றி மருத்துவரிடம் பேசலாம். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் அதிகம் என்பதால் தவிர்ப்பது நல்லது.

*புரதப் பவுடர்:* கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வழக்கத்தைவிட ஒருநாளைக்கு 22 கிராம் புரதம் கூடுதலாகத் தேவை என்கிறது ஐ.சி.எம்.ஆர். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. அதோடு பருப்பு, சுண்டல், பால், மீன் சேர்ந்தால் அந்தக் கணக்கு முடிந்தது. அதிகப் புரதம் கொண்ட சத்துப் பவுடர்களை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. சிலவற்றில் சர்க்கரையும் சேர்ந்திருக்கும். கர்ப்பகாலச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்கக் கூடாது. மசக்கையால் எதுவுமே இறங்கவில்லை, எடையும் கூடவில்லை என்பவர்களின் கதை வேறு. அவர்களுக்கு மருத்துவரே சொல்வார்.

தள்ளிவைக்க வேண்டியவை

*வைட்டமின் ஏ அதிக அளவில்:* ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ ஒருநாளைக்கு 10,000 ஐ.யு.வைத் தாண்டினால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படும் அபாயம் உண்டு. மீன் ஈரல் எண்ணெய் மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். "ரத்தம் ஊறும்" என்று அடிக்கடி ஆட்டு ஈரல் கொடுப்பதும் வேண்டாம்; ஈரலில் இந்த வைட்டமின் மிக அதிகம். கேரட்டிலும் முருங்கைக்கீரையிலும் இருப்பது பீட்டா கரோட்டின், அதனால் பயமில்லை.

*வைட்டமின் சி, ஈ மாத்திரைகள்:* ரத்தக்கொதிப்பைத் தடுக்கும் என்று நம்பி ஆராயப்பட்டவை. தடுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை.

*ஒன்றின்மேல் ஒன்று:* மல்டிவைட்டமின் ஒன்று, தனி இரும்பு ஒன்று, டானிக் ஒன்று, பவுடர் ஒன்று என எடுத்தால் ஒரே சத்து நான்கு வழிகளில் உள்ளே போகும். மல்டிவைட்டமின் எழுதப்பட்டிருந்தால், சிவப்பு மாத்திரையைத் தொடர வேண்டுமா என்று அந்த மருத்துவரிடமே கேட்டுவிட வேண்டும்.

*பெயர் தெரியாத சூரணம், லேகியம்:* 2011-12ல் நியூயார்க் நகரில் ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அவர்கள் இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகளை எடுத்திருந்தார்கள். ஈயம் குழந்தையின் மூளையைப் பாதிக்கும். 'இயற்கை' என்ற வார்த்தை மட்டும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. சித்தா, ஆயுர்வேதம் எடுப்பதானால் பதிவுபெற்ற மருத்துவரிடம் மட்டும் பெற்று, மகப்பேறு மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

டப்பாவின் பின்பக்கம் என்ன சொல்கிறது?

முன்பக்கத்தில் சிரிக்கும் குழந்தை. உண்மை இருப்பது பின்பக்கத்தில்.

* 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருந்தால் அது சட்டப்படி உணவுப்பொருள், மருந்து அல்ல. அப்படி விற்கப்படும் சத்து மாத்திரைகளில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட்டிருக்க வேண்டும். ரத்தசோகையைக் குணப்படுத்த அதை நம்பக் கூடாது.
* இரும்பு, கால்சியம் இரண்டிலும் தனிம அளவு எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.
* வைட்டமின் ஏ இருந்தால், எந்த வடிவம், எத்தனை யூனிட் என்று பார்க்க வேண்டும்.
* 25 சத்துகள், 30 சத்துகள் என்ற எண்ணிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம். தேவையான மூன்று சரியான அளவில் இருக்கின்றனவா என்பதே கேள்வி.
* வீட்டில் சிறுகுழந்தை இருந்தால் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். மிட்டாய் என்று நினைத்து இரும்பு மாத்திரைகளை அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

கையில் இருப்பதை விட்டுவிட்டு...

தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யும் கர்ப்பிணிகளுக்கு இரும்பு, ஃபோலிக் அமிலம், கால்சியம் மாத்திரைகளும், மூன்று மாதத்துக்குப் பிறகு குடற்புழு நீக்க மாத்திரையும் இலவசம். அங்கன்வாடியில் சத்துமாவு கிடைக்கும். தகுதியுள்ளவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ரூ.14,000 பணமாகவும், ரூ.4,000 மதிப்பில் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் வழங்கப்படுகின்றன. தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களும் கிராம அல்லது நகர்ப்புற சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து மாத்திரைகளைப் பெறலாம்.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது ஒரு சின்ன வேலை செய்தால் போதும். அலமாரியில் இருக்கும் டப்பா, அட்டை, லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவர் மேஜையில் வைத்து, மூன்றே மூன்று கேள்விகள்: "இதில் எது எனக்குத் தேவை? எந்த நேரத்தில் எடுக்கணும்? எதை நிறுத்தணும்?"

பெரும்பாலான பைகள் திரும்பி வரும்போது எடை குறைந்துதான் வரும். ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கும் அந்தச் சிவப்பு அட்டை மட்டும் கீழே இறங்கிவிட வேண்டும்.